மோபிலிட்டி ஸ்கூட்டர்: பிரிட்டனில் இருக்கும் எங்கள் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முழங்கால் தேய்ந்த அம்மாவுக்கு ஸ்கூட்டர் எடுத்துக் கொடுக்க நினைக்கும் பிள்ளைகளும், அதை ஓடப்போகும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கு மட்டும்தான்.

மோபிலிட்டி ஸ்கூட்டர் எண்டால் பொடியள் நிண்டுகொண்டு ஓடுற ஸ்கூட்டரோ?

இல்லை. இது இருக்கை, கைபிடி, கூடை எல்லாம் உள்ள மூன்று அல்லது நாலு சில்லு வண்டி. நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்றே செய்தது. நின்றுகொண்டு ஓடும் இ-ஸ்கூட்டரைச் சொந்தமாக வாங்கி வீதியிலோ நடைபாதையிலோ ஓடுவது இங்கே சட்டவிரோதம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுபவர்கள் இருக்கிறார்கள்.

லைசென்ஸ் வேணுமோ? அப்பா இங்க வந்து கார் ஓடினதே இல்லை.

வேண்டாம். லைசென்ஸும் இல்லை, சோதனையும் இல்லை. நோய், காயம், உடல் இயலாமை போன்ற ஏதோ ஒன்றால் நடக்கக் கஷ்டப்படுபவராக இருந்தால் போதும்.

கண்பார்வைக்கும் சட்டத்தில் கட்டாய அளவு கிடையாது. ஆனால் 12.3 மீற்றர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை வாசிக்க முடிய வேண்டும் என்பது அரசாங்கத்தின் ஆலோசனை. வாங்கப் போகும் முன் வீட்டு வாசலிலேயே இதைச் செய்து பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் முதலில் கண் டொக்டரிடம் போங்கள். கற்றரக்ட் எடுத்த பிறகு ஸ்கூட்டர் வாங்கலாம், ஸ்கூட்டர் ஓடிவிடாது.

ரண்டு வகை இருக்கு எண்டு கடையில சொல்லினம். எதை எடுக்கிறது?

சட்டத்தில் இவை வகுப்பு 2, வகுப்பு 3. வகுப்பு 2 மணிக்கு 4 மைலுக்கு மேல் போகாது, நடைபாதைக்கு உரியது. நடைபாதை இல்லாத இடத்திலும், தெருவைக் கடக்கும்போதும் மட்டும் வீதியில் இறங்கலாம். வகுப்பு 3 வீதியில் 8 மைல் வரை போகலாம். நடைபாதையில் ஏறினால் அதுவும் 4 மைல்தான். அதற்கென்று ஒரு சுவிச் இருக்கும். வகுப்பு 3க்கு முன் பின் லைற், இண்டிகேற்றர், ஹோர்ன், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் வேண்டும். ஓடுபவருக்கு 14 வயதாவது இருக்க வேண்டும். டிவிஎல்ஏ என்ற அரச வாகனப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வரி இல்லை, ஆனால் பதிவு கட்டாயம். மோட்டர்வே, பஸ் லேன், சைக்கிளுக்கு மட்டும் என்ற லேன் மூன்றிலும் போகக் கூடாது.

என் அபிப்பிராயம்: கடை, கோயில், டொக்டர், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம், இவ்வளவுக்குத்தான் என்றால் வகுப்பு 2 போதும். "கூட வேகம் இருந்தால் நல்லதுதானே" என்று 8 மைல் வண்டியை எடுத்துவிட்டு, வீதியில் இறங்கப் பயந்து அதை நடைபாதையிலேயே ஓடுபவர்கள்தான் அதிகம். அதன் பாரம் 150 கிலோ வரை இருக்கலாம். வீட்டு வாசலில் திருப்பவே இடம் போதாது.

காரில ஏத்திக்கொண்டு போகக் கூடியது நல்லதோ?

கழற்றி டிக்கியில் வைக்கும் சின்ன வண்டி நல்லதுதான். ஆனால் தூக்கப் போவது யார் என்று முதலில் பாருங்கள். நாலைந்து துண்டாகப் பிரிந்தாலும் மிகப் பாரமான துண்டு 15, 20 கிலோ வரும். அம்மாவைக் கூட்டிப் போவது எழுபது வயது அப்பா என்றால் கடையில் அவரையே ஒருமுறை தூக்கி வைக்கச் சொல்லுங்கள், மகன் அல்ல. வண்டி தாங்கும் நிறையையும் கேளுங்கள். சொல்லும் கணக்கில் ஆளோடு கூடையில் வைக்கிற அரிசிப் பையும் அடங்கும்.

விலை கூடவாக் கிடக்கு. அரசாங்கம் ஏதும் தருமோ?

என்எச்எஸ் சக்கர நாற்காலி கொடுக்கும், ஸ்கூட்டர் பொதுவாகக் கொடுக்காது. மோட்டபிலிட்டி திட்டத்தில் வாடகைக்கு எடுக்கலாம். அதில் இன்சூரன்ஸ், சேர்விஸ், ரயர், பற்றரி எல்லாம் அடங்கும். ஆனால் அதற்கு, இயலாமை உள்ளவர்களுக்கு அரசு தரும் பிப் போன்ற உதவித்தொகையில் நடமாட்டப் பகுதியின் உயர்ந்த வீதம் வேண்டும். எங்கள் பெரியவர்களில் பலர் மாட்டுப்படுவது இங்கேதான்: அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்கள் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அவர்களுக்குக் கிடைக்கும் அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பு உதவித்தொகையில் நடமாட்டப் பகுதியே இல்லை. அதை வைத்து மோட்டபிலிட்டிக்குப் போக முடியாது. அந்தக் காசைச் சேர்த்து ஸ்கூட்டர் வாங்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

வற் வரி விலக்கு பலருக்குத் தெரியாது. நீண்டகால நோய் அல்லது இயலாமை உள்ளவர் தன் பாவனைக்கு வாங்கினால் வற் கட்டத் தேவையில்லை. கடையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் சரி. மூட்டுவாதம், நீரிழிவு எல்லாம் இதில் வரும். வயது போய்விட்டது என்பது மட்டும் போதாது. திருத்த வேலைக்கும் புதுப் பற்றரிக்கும் இதே விலக்கு உண்டு.

வாங்கும் முன் ஓடிப் பார்க்க, பெரிய கடைத்தொகுதிகளில் இருக்கும் ஷொப்மோபிலிட்டி நிலையங்களில் இரவல் எடுக்கலாம்.

அம்மா ஓடப் பயப்பிடுறா. எப்பிடிப் பழக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். நான் கேள்விப்படும் விபத்துகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி: சுவர் கிட்ட வருகிறது, பயம் வருகிறது, கை இறுகுகிறது, வண்டி பாய்கிறது.

பெரும்பாலான ஸ்கூட்டர்களில் கைபிடிக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளும் ஒரு லீவர் இருக்கும். ஒரு பக்கத்தை விரலால் இழுத்தால் முன்னே போகும், மற்றப் பக்கத்தை இழுத்தால் பின்னே. கையை விட்டால் லீவர் தானாக நடுவுக்கு வரும், மோட்டர் நிற்கும், மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும். ஊரில் சைக்கிள் ஓடிய கைக்கு இது நேர்மாறு. சைக்கிளில் பயந்து இறுக்கினால் நிற்கும். இங்கே பயந்து இறுக்கினால் இன்னும் வேகமாகப் போகும். அறுபது வருஷப் பழக்கத்தை மூளைக்குச் சொல்லி மாற்ற முடியாது, கைக்குத்தான் சொல்ல வேண்டும். ஆட்கள் இல்லாத கார் பார்க்குக்குக் கூட்டிப் போங்கள். வேகத் திருகியில் ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் இருக்கும், ஆமையில் வையுங்கள். கொஞ்சத் தூரம் போகவிட்டு "விடுங்கோ" என்று சொல்லுங்கள், அம்மா விரலை விட வேண்டும். போவதைப் பழக்க முன் நிற்பதைப் பழக்குங்கள். சொல்லாமலே விரல் விடும் வரைக்கும் திரும்புவது, பின்னே எடுப்பது ஒன்றும் வேண்டாம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் திறப்பு எடுத்திருக்க வேண்டும். கைபிடியைப் பிடித்து எழும்பும்போது லீவர் அமத்துப்பட்டு வண்டி நகர்ந்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். கைபிடியில் பையும் கொழுவ வேண்டாம், அதன் வாரும் லீவரை இழுக்கும்.

விரல் எல்லாம் மூட்டுவாதம். லீவரை இழுத்துப் பிடிக்க ஏலாது. வேற வழி இருக்கோ?

இருக்கிறது. டெல்ரா கைபிடி என்று கேளுங்கள். வளையம் போலச் சுற்றி வரும். விரலாலும் இழுக்கலாம், பெருவிரலாலும் தள்ளலாம், முழங்கையை ஊன்றியும் பிடிக்கலாம்.

சேலை உடுத்துக்கொண்டு ஓடலாமோ?

தாராளமாக. தாவணியோ சேலைத் தலைப்போ பின்பக்கமாகத் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். பின் சில்லு இருக்கைக்குக் கீழே, மிகக் கிட்டத்தில் சுழல்கிறது. தலைப்பு அதில் சுற்றினால் கழுத்தையும் தோளையும் சேர்த்து இழுக்கும். தலைப்பை முன்னே எடுத்து இடுப்பில் செருகி, மேலே கோட்டைப் பூட்டிவிடுங்கள். காலடிப் பக்கத்துக் கொசுவத்தை ஒரு கிளிப் போட்டு ஒதுக்கினால் முன் சில்லுக்கும் எட்டாது. மழைக்குப் போடும் கேப்புக்கும் சால்வைக்கும் இதே கதை.

நடைபாதை விளிம்பில ஏறலாமோ? பிரளாதோ?

தாழ்த்திய விளிம்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள், நாலு வீடு சுற்ற வேண்டி வந்தாலும். வேறு வழியில்லை என்றால் நேராக, செங்குத்தாக ஏறுங்கள். சரிவாக ஏறினால் ஒரு சில்லு முதலில் உயர்ந்து வண்டி பக்கவாட்டில் சரியும். எவ்வளவு உயரம் ஏறும் என்று கைநூலில் இருக்கும். சின்ன வண்டிகளுக்கு அது இரண்டு அங்குலம்தான்.

மேட்டில் போகும்போது முன்னே சாய்ந்து இருங்கள். சரிவில் குறுக்கே போகவோ, பாதியில் திரும்பவோ வேண்டாம். மூலையில் திரும்ப முன் வேகத்தைக் குறைக்க வேண்டும், திரும்பிக்கொண்டு அல்ல. மூன்று சில்லு வண்டி குறுகிய இடத்தில் நன்றாகத் திரும்பும், ஆனால் வேகத்தில் திருப்பினால் நாலு சில்லை விடச் சுலபமாகப் பிரளும். வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் மட்டும் என்றால் மூன்று. வெளியே என்றால் நான் நாலைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டால் பற்றரி பழுதாப் போகாதோ?

சார்ஜ் போடாமல் வைப்பதால்தான் பழுதாகும். பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருப்பது இரண்டு 12 வோல்ற் மூடிய ஈய-அமிலப் பற்றரி. இரண்டும் சேர்ந்து 24 வோல்ற். பாதி இறங்கிய நிலையில் நாட்கணக்காகக் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து கெட்டியாகும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போட்டாலும் பழைய அளவு ஏறாது. "முழுக்க இறங்கின பிறகு போடு" என்பது பழைய நிக்கல் பற்றரிக் காலத்து அறிவுரை. அதை இதற்குச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷத்தில் பற்றரியைக் கொல்லுகிறார்கள்.

ஆகவே ஓடிய நாளெல்லாம் சார்ஜ் போடுங்கள், பச்சை லைற் வரும் வரை விடுங்கள். 8 முதல் 12 மணித்தியாலம் பிடிக்கும். இடையில் கழற்றிக் கழற்றிப் போட வேண்டாம். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். மடிக்கிற சின்ன வண்டிகளில் லித்தியம் இருக்கும். அதற்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை, ஆனால் தீ விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

அப்ப இரவில சார்ஜ் போட்டிட்டுப் படுக்கலாமோ?

கைநூல் இரவு முழுக்கப் போடு என்கிறது, தீயணைப்புப் படை தூங்கும்போது சார்ஜ் போடாதே என்கிறது. நான் தீயணைப்புப் படையின் பக்கம். பின்னேரம் ஓடுவதைக் காலையில் ஓடுங்கள். பத்து மணிக்கு வீடு வந்து உடனே போட்டால் படுக்கைக்கு முன் முடிந்துவிடும்.

வண்டியோடு வந்த சார்ஜரையே பாவியுங்கள். பிளக் ஒன்றாக இருக்கிறது என்று மகனின் இ-பைக் சார்ஜரைக் கொழுவ வேண்டாம். சுவர் சொக்கெட்டில் நேரே போடுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். சார்ஜருக்கு மேல் துணி, கார்ட்போர்ட் பெட்டி வைக்காதீர்கள். பற்றரி வீங்கினால், சூடாகி மணம் வந்தால், அதற்குப் பிறகு அதில் சார்ஜ் ஏற்றவே கூடாது.

பிளட்டில இருக்கிறம். கொரிடோரில விடக்கூடாது எண்டு கடிதம் வந்திருக்கு. ஞாயமோ?

கடுப்பாக இருந்தாலும் ஞாயம்தான். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடும் வழி அது. ஒரு ஸ்கூட்டர் எரிந்தால் வரும் நச்சுப்புகை படிக்கட்டையே மூடிவிடும். சண்டை பிடிப்பதை விட, கட்டடத்தில் ஸ்கூட்டர் வைக்கும் இடம் செய்து தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். அல்லது பற்றரி பெட்டியாகக் கழரும் வண்டியாக எடுத்து, வண்டியைக் காரில் விட்டு, பற்றரியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடலாம்.

தனி வீட்டில் வாசல் படிதான் தடை என்றால் கவுன்சிலின் ஒக்குப்பேஷனல் தெரபிஸ்ற்றை (வீட்டில் என்ன வசதி தேவை என்று பார்த்துச் சொல்பவர்) கூப்பிடுங்கள். சாய்தளம் போன்ற வேலைகளுக்கு இங்கிலாந்தில் 30,000 பவுண் வரை இயலாமையுள்ளோர் வசதி மானியம் உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

15 மைல் போகும் எண்டு வித்தவை. 7 மைல் கூடப் போகுதில்லை. ஏமாத்திப் போட்டினமோ?

அந்த 15 மைல் புதுப் பற்றரி, சமதரை, மெலிந்த ஆள், இளவெயில் எல்லாம் சேர்ந்த கணக்கு. நிறை, மேடு, காற்றிறங்கிய ரயர், நின்று நின்று போவது எல்லாம் குறைக்கும். மார்கழி, தைக் குளிரில் இன்னும் குறையும். எப்போதும் சொன்னதில் பாதி என்று வைத்துத் திட்டமிடுங்கள், திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்து. இரண்டு வருஷமாகிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது என்றால் பற்றரிக்கு வயது போகிறது. வாங்கி ஒரு மாதத்திலேயே இப்படி என்றால் கடைக்காரரைப் பற்றரியைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திறப்பைப் போட்டால் லைற் எரியுது, ஆனா வண்டி அசையுதில்லை.

ஆளைக் கூப்பிட முன் இவற்றைப் பாருங்கள். சார்ஜர் வயர் இன்னும் கொழுவியிருக்கிறதா? கொழுவியிருந்தால் ஓட விடாது. திறப்பைத் திருப்பும்போது லீவரில் கை இருந்ததா? எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். பின் சில்லுக்குக் கிட்ட இருக்கும் தள்ளும் லீவர் எந்தப் பக்கம் இருக்கிறது? அதை அமத்தினால் மோட்டர் கழன்று, கையால் தள்ள முடியும், ஆனால் ஓடாது. வண்டியைக் கழுவியவரோ வானில் ஏற்றியவரோ அதை அப்படியே விட்டிருப்பார். இந்தப் பிரச்சினை எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி.

அந்தத் தள்ளும் லீவரைப் பற்றி ஒன்று: அது கழன்றிருக்கும்போது மேலே சொன்ன பிரேக்கும் இல்லை. சரிவில் அதை அமத்தவோ, அந்த நிலையில் வண்டியில் ஏறி இருக்கவோ கூடாது.

லைற்றே எரியவில்லை என்றால் பற்றரிப் பெட்டி சரியாக இருத்தவில்லையோ, கட்-அவுட் பொத்தான் (மின்சாரம் மிஞ்சினால் தானாகத் துண்டிப்பது) வெளியே தள்ளியிருக்கிறதோ என்று பாருங்கள். லைற் விட்டுவிட்டு மின்னினால் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். திருத்துபவருக்கு அதுதான் பிழையின் இலக்கம்.

வீட்டில நாங்களே என்ன பராமரிப்புப் பாக்கலாம்?

காற்று ரயர் என்றால் கிழமைக்கு ஒருமுறை காற்று. அளவு ரயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். வால்வு கார் மாதிரியேதான், ஆனால் பெற்றோல் செற்றில் உள்ள பம்ப் ஒரு நொடியில் அளவை மீறிவிடும். கைப்பம்போ சைக்கிள் கால்பம்போ நல்லது. ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.

ஹோஸ் பிடித்துக் கழுவ வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். தூறலில் ஓடலாம், ஆனால் கைபிடியில் இருக்கும் பொத்தான் பெட்டிக்குள் தண்ணீர் போகக் கூடாது. ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் உறை போடுங்கள். பின் அச்சில் சுற்றிய தலைமயிர், நூல் இருந்தால் வெட்டி எடுங்கள். மற்றதை வருஷத்துக்கு ஒருமுறை சேர்விஸில் பார்ப்பார்கள்.

பஸ்ஸில, ரயிலில ஏத்துவினமோ?

லண்டன் பஸ்ஸில் 60 சென்ரிமீற்றர் அகலம், 1 மீற்றர் நீளத்துக்கு உட்பட்ட வகுப்பு 2 வண்டியை ஏற்றுவார்கள். லண்டன் போக்குவரத்து நிர்வாகமே வண்டியை அளந்து பார்த்து ஓர் அடையாள அட்டை தரும். அதைக் காட்டினால் சாரதியோடு வாக்குவாதம் இல்லை. ரயிலில் கொம்பனிக்குக் கொம்பனி விதி வேறு. சிலது முன்கூட்டியே அனுமதி அட்டை கேட்கும். வாங்கும் முன்பே நீங்கள் போகும் ரயில் கொம்பனியின் அளவைப் பார்த்து வையுங்கள்.

தேருக்குக் கொண்டு போகலாமோ?

ஈலிங் அம்மன் தேர் போல வீதியில் வரும் தேருக்குப் போகலாம், ஆனால் சனம் கூட முன் போய் ஓரமாக நில்லுங்கள். ஆமையிலேயே வையுங்கள், திறப்பையும் எடுத்து விடுங்கள். நெரிசலில் யாரோ ஒருவர் கைபிடியைப் பிடித்துச் சாய்வார். தேங்காய் உடைத்த இடத்தால் ஓட்ட வேண்டாம். உடைந்த ஓடு காற்று ரயரைக் குத்தும், இளநீரும் தேங்காய்ச் சொட்டும் சறுக்கும். கோயிலுக்குள் கொண்டு போகலாமா என்பது கோயிலைப் பொறுத்தது, முதல் நாளே கேளுங்கள்.

ஊருக்குப் போகேக்க பிளேனில கொண்டு போகலாமோ?

கொண்டு போகலாம், காசும் எடுக்க மாட்டார்கள். 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது விமானக் கொம்பனிக்கு வண்டியின் அளவு, நிறை, பற்றரி விவரம் சொல்ல வேண்டும். கழற்றும் லித்தியம் பற்றரி என்றால் 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். கழற்றிக் கையோடு உள்ளே கொண்டு போக வேண்டும். வோல்ற்றையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள்: 24 வோல்ற், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, சரி. 20 என்றால் 480, விட மாட்டார்கள். இலங்கையிலும் 230 வோல்ற்தான், சார்ஜர் வேலை செய்யும். தெருவில் நடைபாதை கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

வண்டியை இங்கே விட்டு மூன்று மாதம் போகிறீர்கள் என்றால், ஈய-அமிலப் பற்றரியை நிறையச் சார்ஜ் போட்டு வயரைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை யாராவது வந்து போட வேண்டும். லித்தியத்தைப் பாதி அளவில் வைத்தால் போதும்.

பேரன் கடைக்கு ஓடிக்கொண்டு போறான். பொலிஸ் பிடிக்குமோ?

பிடிக்கலாம். இயலாமை இல்லாதவர் ஓட மூன்று காரணம்தான் உண்டு: விற்பதற்குக் காட்டுவது, பாவிப்பவருக்குப் பழக்குவது, திருத்தக் கொண்டு போவது அல்லது கொண்டு வருவது. பால் வாங்கப் போவது அதில் இல்லை.

இன்சூரன்ஸ் கட்டாயமோ?

கட்டாயம் இல்லை, ஆனால் எடுங்கள். நடைபாதையில் முன்னுரிமை நடப்பவருக்கு. ஒருவரின் காலில் ஏறினால் செலவு உங்கள் தலையில்தான். அடுத்தவருக்கு ஏற்படும் காயத்தை மூடுகிறதா என்று பார்த்து எடுங்கள். களவுக்கு மட்டும் உள்ளது போதாது.

பழைய ஸ்கூட்டர் ஒண்டு மலிவா வருது. எடுக்கலாமோ?

பற்றரி எப்போது மாற்றியது, சார்ஜர் அதே வண்டியுடையதா, கைநூல் இருக்கிறதா, வகுப்பு 3 என்றால் பதிவுப் பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றரியின் வயது தெரியாது என்று சொன்னால் புதிய சோடியின் விலையைக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் மலிவாக இருந்தால் எடுங்கள். அரை மணித்தியாலமாவது ஓடிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். செத்த பற்றரியும் முதல் ஐந்து நிமிஷம் நன்றாக ஓடும்.

அப்பாவுக்கு மறதி தொடங்கீட்டுது. திறப்பை வாங்கி வைக்கலாமோ?

மறதி என்ற ஒரே காரணத்துக்காக வாங்க வேண்டாம். அவருக்கு மிஞ்சியிருக்கும் சுதந்திரம் அதுதான். ஒரு நாள் பின்னால் நடந்து போய்ப் பாருங்கள். தெருவைக் கடக்க முன் நின்று பார்க்கிறாரா, "விடுங்கோ" என்றால் விரல் விடுகிறதா, தெரிந்த வழியில் திரும்பி வருகிறாரா? இதில் ஒன்று பிழைத்தாலும் டொக்டரோடு கதையுங்கள். புது மாத்திரை தொடங்கித் தலைசுற்றினாலும், சீனி குறைந்து மயங்கினாலும் அதே. நீரிழிவு உள்ளவர்கள் கூடையில் எப்போதும் ஏதாவது இனிப்பு வைத்திருக்க வேண்டும்.

இடைப்பட்ட வழிகளும் உண்டு. சில வண்டிகளில் உச்ச வேகத்தைத் திருத்துபவரே குறைத்துத் தருவார். கடை வரைக்கும் மட்டும் என்று பேசிக்கொள்ளலாம், கூட ஒருவர் நடந்து போகலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்று வந்தால், திறப்பை ஒளித்து வைத்துவிட்டுத் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள். தேடிக்கொண்டே இருப்பார். டொக்டர் வாயால் சொல்லவிடுங்கள், அன்றைக்கே வண்டியை வீட்டை விட்டு எடுத்துவிடுங்கள்.